ஒலிச் செருகுநிரல்களை நிறுவுதலும் ஒப்பமிடுதலும்: கரிசல் வட்டாரக் கள ஒலிப்பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பேச்சுத் தமிழ், நாட்டார் வழக்காறு, இசை ஆகிய துறைகளில் களப்பணி மேற்கொள்ளும் ஆய்வாளர்கள் தம் ஒலிப்பதிவுகளைச் செப்பனிடக் கணினியில் ஒலிச் செருகுநிரல்களைப் பயன்படுத்துகின்றனர். தேவைக்கேற்பத் தாமே உருவாக்கிய செருகுநிரலைப் பிறருக்கு வழங்க முற்படும்போது இயங்குதளத்தின் பாதுகாப்பு வாயில் குறுக்கே நிற்கிறது. செருகுநிரல் இயங்கும் முறை, அதை நிறுவும் வழி, எண்முறை ஒப்பத்தின் உட்கூறு, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றில் அது செயற்படும் விதம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எண்முறை ஒப்பம் நிரலை உருவாக்கியவர் யார் என்பதையும், அது இடையில் மாற்றப்படவில்லை என்பதையும் மட்டுமே உறுதிசெய்கிறது. அந்நிரல் ஆய்வுத் தரவைச் சிதைக்காது என்பதை ஆய்வாளரே சோதித்து நிறுவ வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஒலிச் செருகுநிரல், எண்முறை ஒப்பம், கள ஒலிப்பதிவு, கரிசல் வழக்கு, வல்லினம், இயங்குதளம்

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணறு, கரிசல் நிலத்துப் பேரூராட்சிகளுள் ஒன்று. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. கரிசல் வட்டார நாகசுரக் கலைஞர்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட அவருடைய ‘சஞ்சாரம்’ புதினம் 2018ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. நாகசுரம், ஒப்பாரி, கோயில் கொடைப் பாடல், தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் அன்றாடப் பேச்சு என இவ்வட்டாரத்தின் பண்பாட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி ஒலியாகவே வாழ்கிறது. அதை எழுத்தில் மட்டும் பதிந்தால் ஒலிப்பும் தொனியும் நழுவிவிடும். எனவே ஒலிப்பதிவே இங்கு முதன்மைச் சான்றாகிறது.

அச்சான்று ஆய்வுக்கூடத்தின் அமைதியில் கிடைப்பதில்லை. விசைத்தறியின் ஓசை, பேருந்தின் ஒலிப்பான், ஒலிபெருக்கி, வேட்டுச் சத்தம் ஆகியவற்றினிடையே பதிவாகிறது. இவற்றை நீக்க உதவும் கருவியே ஒலிச் செருகுநிரல். சந்தையில் கிடைக்கும் செருகுநிரல்கள் தமிழ் ஒலிகளை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டவை அல்ல. ஆகவே ஆய்வாளர் சிலர் தாமே உருவாக்கவோ கணினித் துறையினரைக்கொண்டு உருவாக்கவோ முனைகின்றனர். அவ்வாறு உருவான நிரல் உருவாக்கியவரின் கணினியில் தடையின்றி இயங்கும். வழிகாட்டியின் கணினிக்கோ மற்றொரு பல்கலைக்கழகத்திற்கோ சென்றதும் ‘அறியப்படாத உருவாக்குநர்’ என்னும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். அந்நிலையில் பலரும் கணினியின் பாதுகாப்பையே அணைத்துவிடும் வழியை நாடுகின்றனர். அது தேவையற்றது என்பதையும் தக்க வழி எது என்பதையும் அடுத்துவரும் பகுதிகள் விளக்குகின்றன.

2. வேட்டொலியும் வல்லினமும்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பகுதிகள் இந்தியப் பட்டாசு உற்பத்தியின் மையம். 1999இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் சேர்க்கப்பட்ட வரையறை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் (ஏ.ஐ.) அல்லது 145 டெசிபெல் (சி) உச்ச அளவை மிஞ்சும் வெடிகளைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை விதிக்கிறது. தடையற்ற வெளியில் தொலைவு இரட்டிப்பாகுந்தோறும் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். வரம்பின் உச்சத்தில் உள்ள வெடி 64 மீட்டர் தொலைவிலும் ஏறத்தாழ 121 டெசிபெல் உச்சத்தைத் தரும். இயல்பான உரையாடலோ ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபெல் அளவினதே. கோயில் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் பதிவுசெய்யும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் வேறுபாடு இத்தகையது.

இத்தகைய திடீர் ஒலிகளை நீக்கும் செருகுநிரல்கள் பொதுவாக ஒரே நெறியில் இயங்குகின்றன. ஒலியலையில் சுற்றியுள்ள போக்கிற்குப் பொருந்தாத குறுகிய எழுச்சியைக் கண்டறிகின்றன. அதை வெட்டி, இருபுறமும் உள்ள அலையைக்கொண்டு இடைவெளியை நிரப்புகின்றன. தமிழுக்கு இடர் இங்குதான் தோன்றுகிறது. வல்லின மெய்களும் குறுகிய எழுச்சிகளே. காற்றடைப்பு விடுபடும்போது எழும் வெடிப்பு பெரும்பாலும் சில மில்லிநொடிகள் முதல் முப்பது மில்லிநொடிகள்வரையே நீடிக்கிறது. நிரலின் பார்வையில் அதுவும் நீக்கத்தக்க இரைச்சலாகத் தோன்றக்கூடும்.

தொல்காப்பியப் பிறப்பியல் க, ச, ட, த, ப, ற ஆகிய வல்லெழுத்துகளுக்கு உறுப்புகள் பொருந்தும் இடங்களை வரையறுத்துக் காட்டுகிறது. இவ்விட வேறுபாட்டைக் கேட்போர் உணர்வது, வெடிப்பின் தன்மையாலும் அதையடுத்த உயிரொலியின் தொடக்க அசைவாலுமே. ‘பட்டு’, ‘பற்று’, ‘பத்து’ என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்துவது இச்சிறு காலப்பகுதியில் அடங்கிய செய்தியே. பேச்சு வழக்கில் ‘காற்று’ என்பது பல வட்டாரங்களில் ‘காத்து’ என ஒலிக்கிறது. றகர இரட்டிப்பு தகர இரட்டிப்பாக மாறுகிறது. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட தலைமுறையினரிடம் இம்மாற்றம் எந்த அளவில் நிகழ்ந்துள்ளது என்பது வட்டார வழக்கு ஆய்வின் இயல்பான வினா. வெடிப்புப் பகுதியைச் செருகுநிரல் மழுக்கிவிட்டால், தகவலாளி ஒலித்தது எது, நிரல் ஆக்கியது எது எனப் பிரித்தறிய இயலாது. ஆய்வு முடிபே மாறிவிடக்கூடும்.

ஆகவே தமிழ்த் தரவுக்கென உருவாகும் நிரலில், நீக்கத்திற்குரிய உச்ச வரம்பையும் கால அளவையும் ஆய்வாளரே அமைக்க இயல வேண்டும். வல்லின வெடிப்பின் அளவில் உள்ள எழுச்சிகளை நிரல் தொடாமல் விட வேண்டும். வேட்டொலியில் பேச்சு முழுவதும் மூழ்கிய இடத்தைக் கற்பிதமாக நிரப்பாமல், ‘தரவு இல்லை’ எனக் குறித்துக்காட்ட வேண்டும். பொதுப்பயன் செருகுநிரல்களில் இம்மூன்றும் ஒருங்கே கிடைப்பது அரிது. தனி நிரலின் தேவை இதிலிருந்தே எழுகிறது.

3. செருகுநிரல் இயங்கும் முறை

செருகுநிரல் தானாக இயங்கும் மென்பொருள் அன்று. ஆடாசிட்டி, ரீப்பர், லாஜிக், புரோ டூல்ஸ் போன்ற தாய் மென்பொருளுக்குள் ஏற்றப்பட்டு அதன் ஓர் உறுப்பாக இயங்குவது. தாய் மென்பொருள் ஒலியைச் சிறு தொகுதிகளாகப் பிரித்துச் செருகுநிரலிடம் தரும். செருகுநிரல் கணக்கீட்டை முடித்துத் திருப்பியளிக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட பதிவில் 512 மாதிரிகள் ஒரு தொகுதி எனில், அதைச் செப்பனிடக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 10.7 மில்லிநொடி. உடனிகழ்வாகக் கேட்கும்போது அக்காலத்திற்குள் பணி முடியாவிட்டால் ஒலி அறுபடும்.

தாய் மென்பொருளும் செருகுநிரலும் உரையாடுவதற்குப் பொது இலக்கணம் தேவை. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் வெளியிட்ட வி.எஸ்.டி. அத்தகைய இலக்கணங்களுள் பரவலானது. அதன் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது. ஆப்பிளின் ஆடியோ யூனிட், அவிட் நிறுவனத்தின் ஏ.ஏ.எக்ஸ்., லினக்ஸில் வழங்கும் எல்.வி.2, 2022இல் வெளியான கிளாப் ஆகியவை ஏனைய வடிவங்கள். ஒரே கணக்கீட்டு நிரலைப் பல வடிவங்களில் ஆக்கித்தரும் ஜூஸ் போன்ற கட்டமைப்புகள் உள்ளமையால், ஆய்வாளர் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை.

இங்குக் கருதத்தக்கது பாதுகாப்பு. செருகுநிரல் பெரும்பாலும் தாய் மென்பொருளின் உள்ளேயே இயங்குவதால், தாய் மென்பொருளுக்குள்ள உரிமைகள் அனைத்தும் அதற்கும் கிடைக்கின்றன. பயனரின் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் வலையில் அனுப்பவும் அதனால் இயலும். எதிரொலியைக் கூட்டும் சிறு நிரல் என்பதால் தீங்கற்றது எனக் கருதுவதற்கில்லை. இயங்குதளங்கள் அதன் தோற்றுவாயை வினவுவதற்குக் காரணம் இதுவே.

4. நிறுவலும் நிறுவல் தவறுகளும்

நிறுவுதல் என்பது பெரும்பாலும் உரிய கோப்பை உரிய கோப்புறையில் வைப்பதே. விண்டோஸில் வி.எஸ்.டி.3 நிரல்களுக்கு ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையினுள் ‘காமன் ஃபைல்ஸ்’ என்பதன்கீழ் ‘வி.எஸ்.டி.3’ என்னும் இடம் வரையறுக்கப்பட்டுள்ளது. மேக் கணினியில் ‘லைப்ரரி’, ‘ஆடியோ’, ‘பிளக்-இன்ஸ்’ என்னும் வரிசையில் வி.எஸ்.டி.3க்கும் ஆடியோ யூனிட்டுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் உள்ளன. ஆடியோ யூனிட்டுக்குரியது ‘கம்போனென்ட்ஸ்’ எனப்படும். இவ்வரிசை கணினிக்குப் பொதுவாக ஒன்றும் ஒவ்வொரு பயனருக்கும் தனியே ஒன்றுமாக அமைந்துள்ளது. நிர்வாகி உரிமை இல்லாத பல்கலைக்கழகக் கணினியில் பயனருக்குரிய இடமே பயன்படும். லினக்ஸில் பயனரின் இல்லக் கோப்புறையில் மறைநிலைக் கோப்புறைகளாக இவை அமைகின்றன.

நிரல் தோன்றாதபோது பாதுகாப்புத் தடையே காரணம் என முடிவுகட்டுவது பரவலான தவறு. கோப்பு வேறு கோப்புறையில் இருத்தல், தாய் மென்பொருள் அவ்வடிவத்தை ஏற்காமை, 32 பிட் நிரலை 64 பிட் மென்பொருளில் ஏற்ற முயலுதல், இன்டெல் செயலிக்கென ஆக்கிய நிரலை ஆப்பிள் செயலியில் நேரடியாக இயக்க முயலுதல், முன்பு ஒருமுறை தோல்வியுற்ற நிரலைத் தாய் மென்பொருள் தன் விலக்குப் பட்டியலில் வைத்திருத்தல் ஆகியவற்றை முதலில் சரிபார்த்தல் வேண்டும். ஆடியோ யூனிட் நிரல்களைச் சோதிக்க ‘ஏயூவேல்’ என்னும் கருவியை ஆப்பிள் வழங்குகிறது. இவை அனைத்தும் சரியாக இருந்தும் நிரல் மறுக்கப்பட்டால் மட்டுமே ஒப்பத்தின் பக்கம் நோக்குதல் தகும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ ஆகிய உயிர்க்குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம். இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். பழைய மேக் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. வேறு முறைமைகள் தரப்பட்டவாறே சேமிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வேறாகிவிடும். ‘பொது’ எனப் பெயரிட்ட அமைவுக் கோப்பு ஒரு கணினியில் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காமற்போவது இதனால் நேரக்கூடும். எனவே நிரலின் உட்கோப்புகளுக்கு உரோமன் எழுத்துப் பெயர்களை இட்டு, திரையில் பயனர் காணும் பெயர்களைத் தமிழில் அமைத்தல் பாதுகாப்பானது.

5. ஒப்பத்தின் உட்கூறு

சரக்கின் மேல் குறியிடும் வழக்கம் தமிழ் வணிகத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை, உரியவரின் கண்ணெழுத்துப் பொறித்த பொதிகளைப் புகாரின் பண்டசாலையில் காட்டுகிறது. பட்டினப்பாலை, அத்துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் பொதிகளின்மீது சோழரின் புலி இலச்சினையைப் பொறித்ததைக் கூறுகிறது. முன்னது வணிகன் தன் சரக்கின்மீது இடும் குறி. பின்னது வாயிற்காவல் கண்டு விடுத்ததற்கான அரச முத்திரை. இன்றைய கணினியிலும் இவ்விரண்டும் வெவ்வேறாகவே இயங்குகின்றன. நிரலாளர் இடும் ஒப்பம் கண்ணெழுத்தை ஒத்தது. இயங்குதள நிறுவனம் சோதித்து அளிக்கும் அனுமதிச் சீட்டு புலி இலச்சினையை ஒத்தது.

எண்முறை ஒப்பம் மூன்று கூறுகளால் ஆனது. முதலாவது ஹாஷ் மதிப்பு. நிரல் முழுவதையும் குறிப்பிட்ட கணக்கீட்டிற்கு உட்படுத்தினால் நிலையான நீளமுள்ள எண் கிடைக்கும், எஸ்.எச்.ஏ.-256 முறையில் அதன் நீளம் 256 பிட். நிரலில் ஒரு பிட் மாறினாலும் அம்மதிப்பு முற்றிலும் மாறிவிடும். இரண்டாவது திறவுகோல் இணை. உருவாக்குநரிடம் மட்டுமே உள்ள தனித் திறவுகோலால் ஹாஷ் மதிப்பு ஒப்பமிடப்படுகிறது. யாரிடமும் இருக்கத்தக்க பொதுத் திறவுகோலால் அவ்வொப்பம் சரிபார்க்கப்படுகிறது. மூன்றாவது சான்றிதழ். அப்பொதுத் திறவுகோல் இன்னாருடையது என ஒரு சான்றளிப்பு நிறுவனம் உறுதிகூறுகிறது. அந்நிறுவனத்தை இயங்குதளம் முன்கூட்டியே ஏற்றிருந்தால் மட்டுமே இச்சங்கிலி முழுமை பெறும்.

இவற்றோடு நேரமுத்திரையும் சேர்தல் வேண்டும். சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. சான்றிதழ் செல்லுபடியான காலத்தில்தான் ஒப்பமிடப்பட்டது என்பதற்கு நேரமுத்திரை சான்றாவதால், காலம் முடிந்த பின்னரும் பழைய ஒப்பம் ஏற்கப்படும். ஆண்டுகள் பல கடந்து ஒரு முனைவர்பட்ட ஆய்வின் முடிபுகளை மீளச் சோதிக்க விழைவோருக்கு இது இன்றியமையாதது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 எண்முறை ஒப்பத்திற்குச் சட்ட ஏற்பளித்தது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களை நெறிப்படுத்துகிறது. ஒப்பந்தப்புள்ளிக்கும் வரி தாக்கலுக்கும் கல்லூரி அலுவலகங்கள் பயன்படுத்தும் சான்றிதழ் இவ்வகையினது. அதைக்கொண்டு செருகுநிரலுக்கு ஒப்பமிடலாம் எனக் கருதுதல் பொருந்தாது. ஆவண ஒப்பத்திற்கும் நிரல் ஒப்பத்திற்கும் சான்றிதழில் வெவ்வேறு பயன்பாட்டுக் குறிப்புகள் உள்ளன. மேலும் மேக் இயங்குதளத்தின் வாயில், ஆப்பிள் தானே வழங்கிய சான்றிதழை மட்டுமே ஏற்கிறது.

6. மூன்று இயங்குதளங்களில் ஒப்பம்

6.1 மேக்

மேக் இயங்குதளத்தின் வாயிற்காவல் ‘கேட்கீப்பர்’ எனப்படும், 2012இல் அறிமுகமானது. வலையிலிருந்து இறக்கிய கோப்பின்மீது உலாவி தனிமைப்படுத்தற் குறியொன்றை இடுகிறது. அக்குறியுள்ள நிரலை முதன்முறை இயக்கும்போது கேட்கீப்பர் ஒப்பத்தை வினவுகிறது. உருவாக்கியவரின் கணினியில் இயங்கும் நிரல் பிறர் கணினியில் மறுக்கப்படுவதற்கு இக்குறியே பெரும்பாலும் காரணம். 2019இல் வெளியான கேட்டலினா பதிப்புடன், ஒப்பத்தோடு ‘நோட்டரைசேஷன்’ என்னும் சான்றேற்பும் கட்டாயமாயிற்று. நிரலை ஆப்பிளின் வழங்கிக்கு அனுப்பினால், அது தீநிரல் உள்ளதா எனத் தானியங்கி முறையில் சோதித்துச் சீட்டு வழங்கும். 2020இல் வந்த ஆப்பிள் செயலிக் கணினிகளில், அச்செயலிக்கென ஆக்கப்பட்ட நிரல் எதுவும் குறைந்தபட்சம் பெயரிலா ஒப்பமேனும் இன்றி இயங்காது. 2024இன் செக்கோயா பதிப்பு, வலச்சொடுக்கில் எச்சரிக்கையைத் தாண்டும் எளிய வழியை நீக்கிவிட்டது. பயனர் அமைப்புகளுக்குச் சென்று தனியே இசைவு தர வேண்டும்.

நடைமுறை வரிசை பின்வருமாறு அமையும். ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டணமுள்ள உருவாக்குநர் திட்டத்தில் சேர்தல். செருகுநிரலுக்கு ஒரு சான்றிதழும் நிறுவித் தொகுப்புக்கு மற்றொரு சான்றிதழும் பெறுதல். ‘கோட்சைன்’ கருவியால் உள்ளுறுப்புகளுக்கு முதலிலும் வெளியுறைக்குப் பின்னருமாக நேரமுத்திரையோடு ஒப்பமிடுதல். ‘நோட்டரிடூல்’ வழியாகச் சான்றேற்புக்கு அனுப்புதல். கிடைத்த சீட்டை ‘ஸ்டேப்ளர்’ கருவியால் தொகுப்போடு இணைத்தல். சீட்டு இணைந்திருந்தால் இணைய வசதியற்ற களத்திலும் நிரலை நிறுவ முடியும்.

இவ்வரிசையில் நேரும் பொதுத் தவறு ஒன்று. ஒப்பமிட்ட பின் தமிழ் உதவிக் குறிப்பையோ அமைவுக் கோப்பையோ நிரலின் தொகுப்புக்குள் சேர்த்தால் ஒப்பம் முறிந்துவிடும். பயனர் மாற்றத்தக்க கோப்புகளைத் தொகுப்புக்கு வெளியே வைத்தல் வேண்டும். மற்றொன்று, தாய் மென்பொருள் கடும் பாதுகாப்பு நிலையில் ஆக்கப்பட்டு, பிறர் நிரலை ஏற்கும் உரிமையை அறிவிக்காதிருந்தால், சரியாக ஒப்பமிட்ட செருகுநிரலையும் அது ஏற்காது. அவ்விடத்துக் குறை செருகுநிரலில் இல்லை.

6.2 விண்டோஸ்

விண்டோஸில் நிரல் ஒப்பமுறை ‘ஆதென்டிகோடு’ எனப்படும். ஒப்பமிடும் கருவி ‘சைன்டூல்’. தாய் மென்பொருள் செருகுநிரலை ஏற்றும்போது பொதுவாக இயங்குதளம் ஒப்பத்தை வினவுவதில்லை. வலையிலிருந்து இறக்கிய நிறுவியை இயக்கும்போதுதான் ‘ஸ்மார்ட்ஸ்கிரீன்’ எச்சரிக்கை எழுகிறது. ஒப்பமிட்ட நிரலும் போதிய பயன்பாட்டு நற்பெயர் பெறும்வரை எச்சரிக்கைக்கு உள்ளாகலாம். பயனர் எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டாத ஆய்வு நிரலுக்கு இந்நற்பெயர் எளிதில் சேர்வதில்லை. விண்டோஸ் 11இன் ‘ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்’ இயங்கும் கணினிகளில், ஒப்பமற்ற செருகுநிரல் ஏற்றப்படாமலேயே தடுக்கப்படலாம்.

2023 ஜூன் 1 முதல் நிரல் ஒப்பத்திற்குரிய தனித் திறவுகோல் பாதுகாப்பு வன்பொருளில் இருத்தல் வேண்டும் என்பது சான்றளிப்பு நிறுவனங்களின் பொது விதி. திறவுகோலைக் கோப்பாக மின்னஞ்சலில் பகிரும் பழக்கத்திற்கு இது முற்றுப்புள்ளி வைத்தது.

தாய் மென்பொருளுக்குள் அன்றிக் கணினியின் ஒலி முழுவதையும் செப்பனிடும் நிரல்கள் வேறு வகையின. விஸ்டா காலம் முதல் விண்டோஸ் இவற்றை ‘ஆடியோ பிராசஸிங் ஆப்ஜெக்ட்’ என்னும் பெயரில் ஏற்கிறது. இவை பாதுகாக்கப்பட்ட ஒலிச் செயலாக்கத்தினுள் இயங்குவதால் இவற்றுக்கான ஒப்ப விதி கடுமையானது. பதிவேட்டில் மாற்றம் செய்து அப்பாதுகாப்பையே அணைத்துப் பயன்படுத்துவோரும் உளர். கள ஒலிப்பதிவைச் செப்பனிட இவ்வகை நிரல் தேவையில்லை. கோப்பு ஒன்றைத் திருத்தத் தாய் மென்பொருளுக்குள் இயங்கும் செருகுநிரலே போதும்.

6.3 லினக்ஸ்

லினக்ஸில் செருகுநிரலை ஏற்றும்போது வினவும் மைய வாயில் இல்லை. வழங்கல்களின் மென்பொருள் களஞ்சியங்கள் தம் தொகுப்புகளுக்கு ஒப்பமிடுகின்றன. தனியே வழங்கப்படும் நிரலுக்கு, மூலநிரலையும் ஹாஷ் மதிப்பையும் உடன் வெளியிடுவதே வழக்கம். கட்டணமின்மை இதன் நன்மை. சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் பயனருடையதாதல் இதன் சுமை.

7. ஒப்பம் எதைச் சொல்வதில்லை

ஒப்பத்தின் எல்லையை உணர்த்தும் நிகழ்வுகள் உள்ளன. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் தீநிரலின் இயக்கி நிரல்கள், ஒலிச் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற ரியல்டெக் நிறுவனத்தின் சான்றிதழால் ஒப்பமிடப்பட்டிருந்தன. அச்சான்றிதழின் திறவுகோல் பிறர் கைக்குச் சென்றிருந்தது. 2010 ஜூலையில் அச்சான்றிதழ் விலக்கப்பட்டது. ஒப்பம் கணக்கீட்டளவில் சரியானதே. ஒப்பமிட்ட கைதான் உரியவருடையதன்று.

2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் நிறுவனத்தின் வலைக்களப் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளியானமை கண்டறியப்பட்டது. கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை விலக்கியது. கூகுள் தன் உலாவியில் இந்திய மூலச் சான்றிதழின் ஏற்பைச் சில களங்களுக்குள் சுருக்கியது. சான்றளிப்போரின் நம்பகமும் இடையறாத கண்காணிப்பைச் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

விருதுநகர் மாவட்டத்தார் இதே வேறுபாட்டைத் தம் தொழிலிலேயே அறிவர். உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்துப் பசுமைப் பட்டாசுகள் அறிமுகமாயின. போலிகளைத் தவிர்க்கும் பொருட்டு அவற்றின் பெட்டியில் கியூ.ஆர். குறியீடு அச்சிடும் முறை வந்தது. பெட்டியின் குறியீடு தயாரிப்பாளரையும் ஒப்புதலையும் சுட்டும். உள்ளிருக்கும் வெடியின் ஒலியளவை அறிய 4 மீட்டர் தொலைவில் அளவுமானியை வைத்தே அளக்க வேண்டும். செருகுநிரலுக்கும் இதுவே பொருந்தும். ஆப்பிளின் சான்றேற்பு தீநிரல் உண்டா என நோக்குகிறதே தவிர, றகர வெடிப்பு சிதைகிறதா என நோக்குவதில்லை. முறையாக ஒப்பமிட்ட, விலையுயர்ந்த செருகுநிரலும் ‘பற்று’ என்பதைப் ‘பத்து’ எனக் கேட்கச் செய்யலாம். ஒப்பமற்ற மாணவர் நிரல் அதைச் சிதைக்காமல் விடலாம்.

8. திறவுகோல் யாருடையது?

பல்கலைக்கழகச் சூழலில் தொழில்நுட்பத்தைவிடக் கடினமான வினா இது. ஆப்பிள் திட்டத்தில் தனிநபராகச் சேர்ந்தால் ஒப்பத்தில் அவர் பெயரே தோன்றும். முனைவர்பட்ட ஆய்வாளர் தம் பெயரில் பெற்ற திறவுகோல், அவர் பட்டம் பெற்று வெளியேறும்போது உடன் சென்றுவிடும். முன்பு ஒப்பமிட்ட பதிப்பு நேரமுத்திரையின் துணையால் தொடர்ந்து இயங்கும். இயங்குதளம் மாறும்போது அதைப் புதுப்பித்து அதே பெயரில் ஒப்பமிட ஒருவரும் இருக்கமாட்டார். கட்டணச் சுமையும் உதவித்தொகையில் வாழும் ஆய்வாளர்மேல் விழுகிறது. கல்வி நிறுவனங்களுக்கான கட்டண விலக்கு சில நாடுகளுக்கு மட்டுமே உரியது.

நிறுவனமாகச் சேர்ந்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒப்பத்தில் தோன்றும். அதற்குச் சட்டப்படியான நிறுவன அடையாளமும் பொறுப்பேற்கும் அலுவலரும் தேவை. ஒரு துறை அன்றிப் பல்கலைக்கழகக் கணினி மையமோ நூலகமோ திறவுகோலைக் காத்து, துறைகள் ஆக்கும் நிரல்களைச் சோதித்து ஒப்பமிட்டுத் தருதல் தக்க அமைப்பாகும். ஆய்வேடுகளைப் பேணும் பொறுப்பு ஏற்கெனவே நூலகத்திடம் உள்ளது; ஆய்வேட்டின் முடிபுகளுக்கு அடிப்படையான நிரலைப் பேணுவதும் அப்பொறுப்பின் நீட்சியே.

9. ஆய்வாளர் பின்பற்றத்தக்க நெறிகள்

அ) மூல ஒலிப்பதிவை மாற்றாது தனியே பேணுதல் வேண்டும். செருகுநிரல் இயங்கியது படிமீது மட்டுமே என்பது ஆய்வேட்டில் பதிவாக வேண்டும்.

ஆ) வேட்டொலி கலவாத அமைதியான சூழலில், ‘பட்டு, பற்று, பத்து’ போன்ற வேறுபாட்டுச் சொற்களைப் பதிந்து செருகுநிரல் வழியே செலுத்துதல் வேண்டும். மூலத்தையும் விளைவையும் மாதிரிக்கு மாதிரி நேர்ப்படுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், நிரல் நீக்கியது மட்டும் எஞ்சும். அவ்வெச்சத்தில் வல்லின வெடிப்புகள் கேட்டால் வரம்பை மாற்ற வேண்டும்; அமைதி மட்டும் எஞ்சினால் நிரல் அச்சொற்களைத் தொடவில்லை என்பது உறுதி. ஒப்பத்தால் தர இயலாத சான்றினை இச்சோதனை தருகிறது.

இ) நிரலின் பதிப்பெண், ஹாஷ் மதிப்பு, தாய் மென்பொருள், இயங்குதளம், அமைவு மதிப்புகள் ஆகியவற்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தருதல் வேண்டும்.

ஈ) ஒப்பமிட இயலாத நிலையில், மூலநிரலையும் ஹாஷ் மதிப்பையும் தனித்தனி வழிகளில் அளிக்கலாம். பெறுபவர் ஹாஷ் மதிப்பை ஒப்பிட்டு, அக்குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் இசைவளிக்கலாம். கணினி முழுமைக்குமான பாதுகாப்பை அணைக்குமாறு எவரையும் அறிவுறுத்தலாகாது. அக்கணினியில் தகவலாளிகளின் குரலும் பெயரும் உள்ளன. அவற்றைக் காப்பது ஆய்வறத்தின் பகுதி.

10. முடிவுரை

ஒலிச் செருகுநிரலை நிறுவுதல் சில கோப்புறைகளை அறிந்தால் முடியும் பணி. ஒப்பமிடுதல் கட்டணத்தையும் நிறுவனப் பொறுப்பையும் வேண்டுவது. இவ்விரண்டும் முடிந்தபின் எஞ்சுவது ஆய்வாளருக்கே உரிய கடமை: நிரல் தமிழ் ஒலியைச் சிதைக்கவில்லை எனச் சோதித்துக் காட்டுதல். கரிசல் வழக்கைப் பேசும் மூத்த தலைமுறையின் குரல் மீண்டும் பதிவுசெய்யக் கிடைப்பதன்று. அக்குரலில் எஞ்சியிருக்கும் றகரத்தை வேட்டொலி மறைத்தால் அது களத்தின் இயல்பு எனக் குறித்துச் செல்லலாம். செப்பனிடும் நிரலே அதை அழித்துவிட்டு, அழித்த தடமும் ஆய்வேட்டில் இல்லாதிருந்தால், பின்வரும் ஆய்வாளர் அதை வட்டார வழக்கின் மாற்றம் என்றே கொள்வார். ஆகவே ஒலியை மூலமாகக் கொண்ட ஆய்வேடுகளில் செருகுநிரலின் அடையாளமும் கழித்தற் சோதனையின் முடிபும் இடம்பெறுதலைப் பல்கலைக்கழகங்கள் நெறியாகக் கொள்ளுதல் வேண்டும்.